அருவித் தண்ணீருக்கு ஒரு சாட்சி

தென்காசியில் என் புகுந்த வீட்டுத் தெருவில் பாதிப்பேர் நான் ஏதோ செக்கில் வேலை பார்ப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். மருமகளுக்கு எண்ணெய்க் கம்பெனியில் உத்தியோகம் என்று மாமா, அதாவது என் மாமனார், கல்யாணத்தின்போது எல்லோரிடமும் சொல்லிவிட்டார். அதிலிருந்து எதிர்வீட்டு அக்கா என்னைப் பார்க்கும்போதெல்லாம், "ஏட்டி, கம்பெனி வெலைக்கு நல்லெண்ணெ கெடைக்குமா?" என்பாள். நானும் முதலில் விளக்கம் சொல்லிப் பார்த்தேன். பிறகு, "கேட்டுச் சொல்லுதேன்க்கா" என்று நழுவப் பழகிக்கொண்டேன்.

நான் வேலை பார்ப்பது வடக்கே ஒரு பாலைவனத்தில், கச்சா எண்ணெய் எடுக்கிற இடத்தில். ஒரு மாதம் அங்கே, ஒரு மாதம் இங்கே. கணவர் பட்டாளத்தில் இருப்பதால் என் விடுப்பு மாதங்களில் வீட்டில் நான், மாமா, அத்தை மூன்று பேர்தான்.

எண்ணெய்க் கிணற்றில் எண்ணெய் தானாக மேலே வருவது கொஞ்ச காலம்தான். அந்த வேகம் குறைந்ததும் பக்கத்தில் இன்னொரு கிணறு தோண்டி, அதன் வழியாகத் தண்ணீரைச் செலுத்தி எண்ணெயைத் தள்ளுவார்கள். தண்ணீருக்கு வளைந்து கொடுக்கத் தெரியுமே தவிர உழைக்கத் தெரியாது. அச்சன்புதூரில் எங்கள் அப்பாவின் வயலில் வரப்பில் ஒரு நண்டு வளை இருந்தால் போதும், மடையில் திறந்துவிட்ட தண்ணீரெல்லாம் அது வழியே அடுத்தவன் வயலுக்குப் போய்விடும், மூலையில் நிற்கிற பயிர் வாடிக் கிடக்கும். பாறைக்குள்ளும் அதே கதைதான். ஓட்டமான ஒரு பாதை கிடைத்துவிட்டால் தண்ணீர் அதை விடாது. நாளடைவில் இந்தப் பக்கம் விட்ட தண்ணீரே அந்தப் பக்கம் வந்துகொண்டிருக்கும், எண்ணெயில் பெரும்பங்கு இருந்த இடத்திலேயே இருக்கும்.

அந்த நிலைமையில்தான் எங்களைக் கூப்பிடுவார்கள். பாலிமர் என்பது பார்ப்பதற்குச் சீனி மாதிரி வெள்ளைத் தூள். அதில் கொஞ்சத்தைத் தண்ணீரில் தூவிக் கலக்கி ஓர் இரவு விட்டால், தண்ணீர் வடித்த கஞ்சி போல் கொழகொழப்பாகிவிடும். கெட்டித் தண்ணீர் ஒரே வளையைத் தேடி ஓடாது. அகலமாகப் பரவி, எண்ணெயை முன்னால் தள்ளிக்கொண்டு நிதானமாகப் போகும். ஆனால் பாலிமருக்கு உப்பு ஆகாது. உப்புத் தண்ணீரில் போட்டால், விரிய வேண்டிய இழைகள் சுருண்டுகொள்ளும், தண்ணீர் தண்ணீராகவே இருக்கும். தண்ணீர் போதிய அளவு கெட்டியாக இருக்கிறதா என்று அளந்து பார்ப்பது என் ஆய்வகத்தின் வேலை. எனக்குக் கீழே நாலைந்து பேர் உண்டு. அவர்களிடம் எனக்குக் கோபக்காரி என்று பெயர். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது என்பதை மறைக்கவில்லை.

மாமா போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். தென்காசியில் ஓய்வுபெற்ற போலீஸ்காரர்கள் சேர்ந்து மாதம் இரண்டு முறை ஒரு மாடி ஹாலில் கூடுவார்கள். சர்க்கரை வியாதி பற்றி ஒரு டாக்டர் பேசுவார், பென்ஷன் பற்றி ஒருவர் பேசுவார், பிறகு வடையும் காப்பியும். ஓய்வு பெற்றாலும் அங்கே உட்கார்வது பழைய வரிசைப்படிதான். முன்னால் இன்ஸ்பெக்டர்கள், நடுவில் எஸ்.ஐ.க்கள், ஏட்டுகளும் கான்ஸ்டபிள்களும் சுவரோரம். யாரும் சொல்லி வைத்ததில்லை, கால் தானாக அந்த இடத்துக்குப் போய்விடும்.

போன ஆடியில் நான் வந்திருந்தபோது, மாமா ஒரு கூட்டத்தில் எழுந்து நின்று, அடுத்த தடவை என் மருமகள் வந்து பேசுவாள் என்று அறிவித்துவிட்டு வந்தார். "பூமிக்கு உள்ள கெடக்க எண்ணெயத் தண்ணிய வச்சித் தள்ளுததச் செஞ்சே காட்டுவானு சொல்லிட்டேம்மா. இன்ஸ்பெக்டர் ஐயாவே, 'அப்படியா வே, கூட்டிட்டு வாரும்'னுட்டாவ" என்றார். அந்த இன்ஸ்பெக்டர் ஐயா அவருக்குப் பல வருஷம் மேலதிகாரியாக இருந்தவர். பேச்சாளரை அழைத்து வருகிறவருக்கு முன்வரிசையில் நாற்காலி போடுவது அங்கே வழக்கம் என்பதை அத்தைதான் எனக்குச் சொன்னாள்.

நானும் இறங்கி வேலை செய்தேன். கண்ணாடிக் கடையில் சொல்லி இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே மணல் நிரப்புகிற மாதிரி ஒரு பெட்டி செய்து வாங்கினேன். மாட்டுக்கு மருந்து ஏற்றுகிற பெரிய ஊசிக்குழாய்கள் வாங்கினேன். எண்ணெய்க்குக் குற்றாலத்தில் உடம்பு பிடித்துவிடுகிறவரிடம், தேய்க்கிற எண்ணெயையே மாமா வாங்கி வந்தார். நல்ல கெட்டியாக, கறுப்பாக இருந்தது. மணலை முதலில் உப்புத் தண்ணீரில் நனைக்க வேண்டும், ஏனென்றால் அடியில் இருக்கிற பாறையிலும் உப்புநீர்தான். பிறகு எண்ணெயை ஏற்ற வேண்டும், அப்புறம் வெறும் தண்ணீர், கடைசியில் பாலிமர் தண்ணீர். பாலிமருக்கு மட்டும் உப்பே இல்லாத தண்ணீர் தேவை. எங்கள் வீட்டு போர் தண்ணீர் பருப்பு வேகாத தண்ணீர், அது உதவாது.

"அருவித் தண்ணி ஆகுமா?" என்று கேட்டார் மாமா. அதைவிட நல்ல தண்ணீர் கிடையாது என்றேன். மறுநாள் விடியுமுன் சாரலில் நனைந்துகொண்டே பழைய குற்றாலம் போய், வெள்ளைக் கேனில் பிடித்து, வண்டியில் காலுக்கு நடுவே வைத்துக்கொண்டு வந்தார். அதை வைத்து வீட்டில் ஒத்திகை பார்த்தோம். வெறும் தண்ணீர் மணலில் ஒரு கோடு போட்டுக்கொண்டு அந்த மூலைக்கு ஓடிவிட்டது. கெட்டித் தண்ணீரோ எண்ணெயைக் கறுப்புத் திரை மாதிரி முழு அகலத்துக்கும் தள்ளிக்கொண்டு போனது. மாமா சமையலறைத் தரையில் குத்தவைத்து உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "ஏளா, இங்கன வந்து பாரு, கூட்டத்த லத்தி வச்சி ஒதுக்குத மாரியில்லா போவுது" என்று அத்தையைக் கூப்பிட்டார்.

கூட்டத்துக்கு முந்தின நாள் சனிக்கிழமை. மறுபடி போய் ஒரு கேன் கொண்டு வந்தார். அருவியில் கூட்டம் நெரிந்ததாம், தண்ணீருக்குக் கேனை நீட்டவே வரிசையில் நிற்க வேண்டியிருந்ததாம். அந்தக் கேனையும், நான் உப்புக் கலந்து வைத்திருந்த இன்னொரு கேனையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தேன். இரண்டும் ஒரே மாதிரி வெள்ளைக் கேன். கேன்களின் உடம்பு ஈரமாக இருந்ததால் ஸ்கெட்ச் பேனா பிடிக்கவில்லை. மூடியைத் துடைத்து, மூடியில் எழுதினேன். அருவி, உப்பு. சாயங்காலம் பாலிமரைத் தூவிக் கலக்கி, தூக்குச் சட்டியில் மூடிவைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் ஆட்டோ சீக்கிரமே வந்துவிட்டதால் சட்டியைத் திறந்து பார்க்கவில்லை.

ஹால் நிறைந்திருந்தது. மாமா சலவை வேட்டி கட்டி, முன்வரிசையில் இன்ஸ்பெக்டருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், நுனியில். நான் நன்றாகவே பேசினேன். செக்கு இல்லை என்று ஆரம்பித்ததும் சிரித்தார்கள். வெறும் தண்ணீர் மணலில் கோடு போட்டுக்கொண்டு ஓடியதும், "களவாணிப் பய குறுக்குச் சந்துல ஓடுத மாரிலா இருக்கு" என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது.

அடுத்து தூக்குச் சட்டியைத் திறந்து, பாலிமர் தண்ணீரை ஊசிக்குழாயில் ஏற்றி, உள்ளே செலுத்தினேன். அது அதே கோட்டில் ஓடியது. இன்னும் அழுத்தினேன். இன்னும் வேகமாக அதே கோட்டில் ஓடியது. எண்ணெய் அசையவே இல்லை. கரண்டியால் சட்டியில் மொண்டு ஊற்றிப் பார்த்தேன். சொட்டுச் சொட்டாக, வெறும் தண்ணீர் மாதிரி விழுந்தது. யாரோ இருமினார்கள். "என்னம்மா, கரண்டு போயிட்டா?" என்று யாரோ கேட்க, சிரிப்பு வந்தது.

அந்தச் சிரிப்பு என்னை ஆட்டிவிட்டது. நான் ஆய்வகத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டேனோ என்னவோ. மாமாவின் பக்கம் திரும்பி, "எங்க பிடிச்சீங்க இந்தத் தண்ணிய?" என்று கேட்டேன்.

"அருவியிலதாம்மா" என்றார் மாமா.

"அருவித் தண்ணி இப்படி ஆகாது. கூட்டமா இருக்குன்னு வழியில எங்கயாவது குழாயில பிடிச்சீங்களா?"

"இல்லம்மா. வரிசையில நின்னு..."

"பொய் சொல்லாதீங்க மாமா. ஒரு கேன் தண்ணி. அதை ஒழுங்கா கொண்டு வர முடியாதா? எல்லார் முன்னாலயும் நான்தானே நிக்கேன்?"

என் சுட்டுவிரல் அவர் முகத்துக்கு நேராக நீண்டிருந்தது. அதை நான் கவனித்தது, அவர் அதைப் பார்த்ததனால்தான். அவர் நாற்காலியைவிட்டு எழுந்தார். இரண்டு கைகளையும் தொடையோடு ஒட்டவைத்து நிமிர்ந்து நின்றார். முகத்தில் ஒன்றுமே இல்லை.

"தப்பு எம்மேலதாம்மா. கூட்டமா இருந்திச்சி. வார வழியில குழாயில பிடிச்சிட்டேன்."

ஹால் சிரித்தது. இன்ஸ்பெக்டர்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். "நம்ம ஏட்டு சர்வீஸ்லயே இப்படித்தானம்மா. ஒண்ணக் கொண்டு வாரும்னா இன்னொண்ணக் கொண்டு வருவாரு" என்றார். வடை வந்துவிட்டது. மாமா தட்டை வாங்கிக்கொண்டு சுவரோரம் போய் நின்றார். அவருடைய நாற்காலியில் யாரோ பையை வைத்தார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகும் எனக்குக் கோபம்தான், வெட்கமில்லை. அவர் ஒத்துக்கொண்டது இன்னும் வசதியாகப் போயிற்று. அத்தையிடம் அதை ருசுப்பிக்க வேண்டும் என்று, "நீங்களே குடிச்சுப் பாருங்க அத்தை, இது அருவித் தண்ணியா?" என்று, அருவி என்று எழுதிய கேனைத் திறந்து, மிச்சம் இருந்ததை டம்ளரில் ஊற்றி, முதலில் நானே ஒரு வாய் குடித்தேன்.

கடல் தண்ணீர் மாதிரி கரித்தது. தென்காசியில் எந்தக் குழாயிலும் அப்படித் தண்ணீர் வராது. அது நான் கலந்த உப்பு. உப்பு என்று எழுதிய கேனைத் திறந்து குடித்தேன். தித்திப்பான, குளிர்ந்த, சாட்சாத் குற்றாலத் தண்ணீர். இரண்டு கேனையும் ஒன்றாகத் திறந்து, மூடிகளை ஒன்றாகத் துடைத்து எழுதி, மாற்றி மூடியிருக்கிறேன். மூடியில் பெயர் எழுதாதே, மூடி மாறும், உடம்பில் எழுது. புதிதாகச் சேருகிற ஒவ்வொருவரையும் நான் முதல் வாரமே திட்டித் திட்டிச் சொல்லிக்கொடுக்கிற பாடம் அது.

அத்தை டம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு, என்னைப் பார்த்தாள். அடுப்பைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள். பூமி பிளந்து என்னை விழுங்காதா என்று கதைகளில் சொல்வார்கள். எனக்கு அந்தச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொள்ள ஒரு முழ இடம் கிடைத்தால் போதும் என்றிருந்தது.

மாமா வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். போய் நின்றேன். கேன் மாறியதைச் சொன்னேன். துடைப்பதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டார்.

"நீங்க அருவியிலதான பிடிச்சீங்க. ஏன் மாமா குழாயில பிடிச்சேன்னு சொன்னீங்க?"

"நீ சத்தம் போட்டுக்கிட்டு நின்ன. ஒத்துக்கிட்டா நின்னுரும்லா."

அவர் துணியைப் பிழிந்து உதறினார்.

"ஸ்டேஷன்ல எத்தனையோ பேரு செய்யாததச் செஞ்சேம்னு ஒத்துக்கிடுவானுவ. நான் பக்கத்துல நின்னிருக்கேன். ஏன்லே ஒத்துக்கிடுதீய, கிறுக்கா பிடிச்சிருக்குனு நெனப்பேன். இன்னைக்குத்தான் வெளங்குச்சி" என்றார். குத்திக் காட்டுகிற குரலே இல்லை. தெரியாத ஒன்றைத் தெரிந்துகொண்டவர் சொல்கிற மாதிரிதான் சொன்னார்.

அதன் பிறகு மாமா காலை நடைக்குப் போகவில்லை. முட்டி வலி என்றார். அவர் நடைக்குப் போவது நடப்பதற்காக இல்லை. பேருந்து நிலையம் பக்கம் ஒரு டீக்கடையில் இன்ஸ்பெக்டரும் மற்றவர்களும் உட்காருவார்கள், அதற்காகத்தான். பால் வாங்கப் போன இடத்தில், "என்ன வே, பால் அருவியிலயா பிடிச்சீரு?" என்று ஒருவர் கேட்டாராம். அத்தை வந்து சொன்னாள். மாமா பேசுகிற எதையும் இனி அந்த ஊர் ஒரு சிரிப்போடுதான் கேட்கும் என்பது எனக்குப் புரிந்தது. ஏட்டாக இருந்தபோது அவரிடம் அதிகாரம் அதிகம் இருந்ததில்லை. சொன்ன சொல் மாறமாட்டார் என்கிற பெயர் ஒன்று இருந்தது. அதை நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பறித்துவிட்டேன்.

நானே டீக்கடைக்குப் போனேன். இன்ஸ்பெக்டர் நாலைந்து பேரோடு உட்கார்ந்திருந்தார். எனக்கு ஸ்டூல் போடச் சொன்னார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கேன், மூடி, உப்பு, நான் பேசிய பேச்சு, ஒன்றையும் குறைக்கவில்லை. அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். முடித்ததும் மற்றவர்கள் பக்கம் திரும்பினார்.

"பாத்தீயளா வே. மருமவள்னா இப்படி இருக்கணும். மாமனாருக்கு ஒரு தலைக்குனிவுன்னதும் பழியத் தன் தலையில போட்டுக்கிடுதா."

"இல்லய்யா, நிஜமாவே என் தப்புதான்."

"சரிம்மா, சரிம்மா. எல்லாரு முன்னாடியும் குடுத்த வாக்குமூலம்லா அது, அதுதான் நிக்கும். நீ மனசுல வச்சிக்கிடாத. நம்ம ஏட்டு குடுத்து வச்சவரு" என்றார் இன்ஸ்பெக்டர். எல்லோரும் என்னை வாஞ்சையோடு பார்த்தார்கள். எனக்கு ஒரு டீயும் வந்தது. அந்த டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு வரவும் எனக்குத் தைரியம் வரவில்லை, குடித்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். என்னை நல்லவளாக்கி அனுப்பிவிட்டார்கள், அவர் பெயர் போனது போனபடியே இருந்தது.

நான் வடக்கே திரும்புவதற்கு முன்னால் இன்னொரு கூட்டம் இருந்தது. செய்முறையை மறுபடி செய்து காட்டுகிறேன், அதே மணல், அதே எண்ணெய், மாமா பிடித்துத் தருகிற அதே தண்ணீர் என்று இன்ஸ்பெக்டரிடம் போனில் கேட்டு அனுமதி வாங்கினேன். மாமாவிடம் சொன்னபோது, "எதுக்கும்மா" என்றார். நான் விடவில்லை. சரியென்று ஒத்துக்கொண்டார். கூட்டத்துக்கு முந்தின நாள் விடியுமுன் வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது.

ஈரமாகத் திரும்பி வந்தார். கேனைச் சமையலறைத் தரையில் வைத்தார். கேனின் கழுத்தில் சணலால் ஒரு தாள் கட்டி, நனையாமல் இருக்கப் பிளாஸ்டிக் உறை போட்டிருந்தது. பிரித்துப் பார்த்தேன். ஸ்டேஷனில் ஒரு பொருளைக் கைப்பற்றினால் மகஜர் எழுதுவார்களே, அந்த நடையில், அந்தக் கையெழுத்தில் இருந்தது. பழைய குற்றாலம் அருவியில் இன்ன தேதி, இன்ன நேரம், ஒரு வெள்ளைக் கேனில் பிடிக்கப்பட்ட தண்ணீர். கொண்டு வருபவர், அவர் பெயர், கையொப்பம். அடியில் சாட்சிகள் என்று போட்டு இரண்டு பேர். ஒருவர் அருவி வழியில் பஜ்ஜிக் கடை வைத்திருப்பவர். இன்னொருவர் எங்களுக்கு எண்ணெய் கொடுத்த, உடம்பு பிடித்துவிடுகிறவர். அவருடைய கையொப்பத்தின் மேல் எண்ணெய் ஊறியிருந்தது.

"எதுக்கு மாமா இது?" என்று கேட்டேன்.

"இருக்கட்டும்மா. நாளைக்கு ஒரு பேச்சு வந்துரக் கூடாதுல்லா" என்றார். விளையாட்டாகச் சொல்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை.

அந்தத் தண்ணீரில் பாலிமர் நன்றாகக் கரைந்தது. காலையில் சட்டியைத் திறந்து, கரண்டியில் மொண்டு, கம்பியாக இழுபடுவதைப் பார்த்த பிறகுதான் ஆட்டோவில் ஏறினேன். ஹாலில் கெட்டித் தண்ணீர் எண்ணெயை ஒரு மூலை விடாமல் தள்ளிக்கொண்டு போய், வெளியே வைத்திருந்த டம்ளரில் கறுப்பாக ஊற்றியது. கை தட்டினார்கள். இன்ஸ்பெக்டர் பக்கத்து நாற்காலியைத் தட்டி, "வாரும் வே, இங்கன உக்காரும். இந்தத் தடவ தண்ணி எங்க பிடிச்சீரு?" என்றார்.

மாமா உட்காரவில்லை. காலடியில் வைத்திருந்த காலிக் கேனைத் தூக்கி, தாள் தெரிகிற மாதிரி பிடித்தார். பஜ்ஜிக் கடைக்காரரின் கையொப்பம் என்று யாரோ படித்துச் சொல்ல, ஹாலே விழுந்து விழுந்து சிரித்தது. மாமா அவர்கள் பக்கம் திரும்பவே இல்லை. கேனைத் தூக்கிப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சரியா இருக்காம்மா?" என்று கேட்டார்.

"சரியா இருக்கு மாமா" என்றேன்.

அதன் பிறகுதான் கேனைக் கீழே வைத்தார்.